யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்... (நேர்மையை அளக்கப் போனவர்களின் கதை)

போன செமஸ்டர் இன்டர்னல் தேர்வு. கம்பெனிக் கணக்கியல் தாள். அரை மணி நேரமாக மல்லுக்கட்டியும் இருப்புநிலைக் குறிப்பின் இரண்டு பக்கமும் டேலி ஆகவே இல்லை. அந்த நேரம் பார்த்து ஹாலில் இருந்த சார் போன் வந்து வெளியே போனார். மூன்று நிமிடம் இருக்கும். என் கண் தானாக முன் பெஞ்சுக்குப் போனது. நண்பனின் தாளில் மொத்தத் தொகை தெளிவாகத் தெரிந்தது. எங்கே தப்பு செய்திருக்கிறேன் என்று உடனே புரிந்துவிட்டது. ஒரு எண்ணை அடித்து எழுதினேன். டேலி! சார் திரும்பி வந்தபோது ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன், உலகத்திலேயே ஒழுக்கமான பையனாக.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே பக்கத்தில் அடுத்த கணக்கின் விடையும் தெரிந்தது. அதில் எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனாலும் அதைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முதலாவதைப் பார்த்தது 'சரிபார்த்தது' மாதிரி தோன்றியது. இரண்டாவதையும் பார்த்தால் அது 'காப்பி' ஆகிவிடும் என்று தோன்றியது. சார் இரண்டுக்குமே ஹாலில் இல்லை. அப்படியானால் இரண்டாவது கணக்கில் என்னைத் தடுத்தது யார்?

இந்தக் கேள்வியை மண்டைக்குள் வைத்துக்கொண்டு கொஞ்சம் படித்துப் பார்த்தேன். ஏறக்குறைய நூறு வருடமாக இதே கேள்வியோடு உளவியல்காரர்களும் பொருளாதாரக்காரர்களும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கதைதான் இது. கதையின் கடைசியில் ஒரு பெரிய திருப்பமும் இருக்கிறது, அவசரப்பட்டுக் கீழே போய்விட வேண்டாம்.

கதை 1924-ல் அமெரிக்காவில் இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் தொடங்குகிறது.

முதல் இடம் பள்ளிக்கூடங்கள். ஹியூ ஹார்ட்ஷோர்ன், மார்க் மே என்ற இரண்டு பேர். பிள்ளைகளின் நேர்மையை எடை போடுவதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். மாணவர்களுக்குத் தேர்வு வைத்துத் தாள்களை வாங்கிக்கொள்வார்கள். இரவோடு இரவாக யார் என்ன எழுதினார்கள் என்று ரகசியமாகக் குறித்துக்கொள்வார்கள். மறுபடி தாளைத் திருப்பிக் கொடுத்து, கூடவே விடைகளையும் கொடுத்து, "நீங்களே மார்க் போட்டுக்கொள்ளுங்கள்" என்பார்கள். பிள்ளைகள் தங்களை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து விடையைத் திருத்தினால் மாட்டிக்கொண்டார்கள். இப்படித் தேர்வு, விளையாட்டு, காசு வைத்த பெட்டி என்று பலவிதமாகச் சுமார் 11,000 பிள்ளைகளைச் சோதித்து 1928-ல் புத்தகமாக வெளியிட்டார்கள்.

'நல்ல பிள்ளைகள், கெட்ட பிள்ளைகள்' என்று இரண்டு கூட்டம் கிடைக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அப்படிக் கிடைக்கவில்லை. தேர்வில் ஏமாற்றிய பையன் காசுப் பெட்டியைத் தொடவில்லை. காசை எடுத்தவள் விளையாட்டில் நேர்மையாக இருந்தாள். நேர்மை என்பது ஆளிடம் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும் குணம் என்பதைவிட, ஆளும் இடமும் சேர்ந்து உண்டாக்கும் ஒன்று என்ற எண்ணம் அங்கே பிறந்தது. (நான் பார்த்த கணக்கும் பார்க்காத கணக்கும் ஞாபகம் வருகிறதா?)

இரண்டாவது இடம் நம் எல்லோருக்கும் தெரிந்தது. மேலாண்மைக் கோட்பாடுகள் தாளில் மனப்பாடம் செய்து எழுதுவோமே, ஹாத்தார்ன் சோதனைகள், எல்ட்டன் மேயோ... அதேதான். சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் தொழிற்சாலை. 1924 முதல் 1927 வரை வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் உற்பத்தியை அளந்தார்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் உற்பத்தி கூடியது, குறைத்தாலும் கூடியது என்று நம் பாடப்புத்தகம் சொல்லும். காரணம் வெளிச்சமே இல்லை, தங்களை யாரோ கவனிக்கிறார்கள் என்ற உணர்வுதான் என்றும் சொல்லும். 'ஹாத்தார்ன் விளைவு' என்ற பெயர் இதற்குப் பின்னால் 1950களில் ஒட்டிக்கொண்டது.

இதைத் தேர்வில் எழுதினால் முழு மார்க் கிடைக்கும். ஆனால் ஒரு சின்னச் சிக்கல். தொலைந்துபோனதாக நினைத்திருந்த அந்த வெளிச்சச் சோதனையின் கணக்குகளைத் தேடிப் பிடித்து, ஸ்டீவன் லெவிட்டும் ஜான் லிஸ்ட்டும் 2011-ல் மறுபடி கணக்குப் போட்டார்கள். விளக்குகளை மாற்றியதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில். திங்கட்கிழமை வந்தாலே உற்பத்தி கூடுவது அங்கே வழக்கம், விளக்கை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும். அதைக் கழித்துப் பார்த்தால் நாம் படித்த அந்தப் பிரமாதமான கதைக்குப் பெரிய ஆதாரம் மிஞ்சவில்லை.

ஹாத்தார்னில் எனக்குப் பிடித்தது நம் புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துபோகும் கடைசிச் சோதனைதான். 1931-32ல் தொலைபேசிக் கருவிகளுக்குக் கம்பி இணைக்கும் 14 ஆண்களைத் தனி அறையில் உட்கார வைத்து, அதே அறையில் ஒரு பார்வையாளரையும் உட்கார வைத்தார்கள். நாள் முழுக்கப் பார்த்துக் குறிப்பெடுப்பதுதான் அவர் வேலை. ஒழுங்காக வேலை செய்திருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இவர்கள் தங்களுக்குள் ஒரு நாள் அளவு வைத்துக்கொண்டு அதற்கு மேல் செய்யவில்லை. அதிகம் செய்தவனைக் கேலி செய்து, தோளில் குத்தி அடக்கினார்கள். செய்த வேலையை உள்ளபடி சொல்லாமல் ஒரு நாள் கூட்டியும் ஒரு நாள் குறைத்தும் கணக்குக் கொடுத்தார்கள். எல்லாம் பார்வையாளரின் கண்ணெதிரே! முதலில் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருந்தவர்கள், அவர் மேலதிகாரியிடம் போய்ச் சொல்லமாட்டார் என்று தெரிந்ததும் அவரை மறந்தே போனார்கள். அவர்களுக்குப் பெரிதாகப் பட்ட கண்கள் பக்கத்து நாற்காலியில் இருந்த சக தொழிலாளிகளின் கண்கள்.

ஆக, 'பார்க்கப்படுவது' என்றால் போதாது, 'யாரால்' என்றும் கேட்க வேண்டும். இதைப் பொருளாதாரக்காரர்கள் கண்டுகொள்ள இன்னும் அறுபது வருடம் ஆனது.

பொருளாதாரத்தில் ஆய்வகச் சோதனை என்பது பின்னால் வந்த பழக்கம். 1982-ல் ஜெர்மனியில் வெர்னர் கியூத்தும் கூட்டாளிகளும் 'இறுதி எச்சரிக்கை' விளையாட்டை நடத்தினார்கள். ஒருவர் பணத்தைப் பங்கு பிரிப்பார், இன்னொருவர் 'சரி' அல்லது 'முடியாது' என்பார். 'முடியாது' என்றால் இருவருக்குமே ஒன்றும் கிடையாது. 1986-ல் டேனியல் கானமனும் ஜாக் நெட்ச்சும் ரிச்சர்ட் தேலரும் இரண்டாமவரின் மறுக்கும் உரிமையையும் எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். கையில் 20 டாலர். பாதிப் பாதியாகவும் பிரிக்கலாம், தனக்கு 18 வைத்துக்கொண்டு 2 மட்டும் கொடுக்கவும் செய்யலாம். எதிராளி யாரென்றே தெரியாது, அவரால் ஒன்றும் செய்யவும் முடியாது. நம் பாடப்புத்தகத்து 'பொருளாதார மனிதன்' கண்ணை மூடிக்கொண்டு 18-ஐ எடுத்திருப்பான். ஆனால் 76 சதவீத மாணவர்கள் சமமாகப் பிரித்தார்கள்! இதற்குச் 'சர்வாதிகாரி விளையாட்டு' என்று பெயர் வந்தது.

இது தாராள குணம் பற்றியது, நேர்மை பற்றியது இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். ஆனால் 'யார் பார்க்கிறார்கள்' என்ற கேள்வி ஆய்வகத்துக்குள் நுழைந்தது இந்த வழியாகத்தான்.

அரிசோனா பல்கலைக்கழகத்தில் எலிசபெத் ஹாஃப்மன், வெர்னன் ஸ்மித் குழுவினருக்கு ஒரு சந்தேகம் வந்தது. எதிராளிக்கு நீ யாரென்று தெரியாது, சரி. ஆனால் சோதனை நடத்தும் பேராசிரியருக்குத் தெரியுமே? அவர் முன்னால் அல்பமாகத் தெரியக்கூடாது என்றுதானே பாதியைக் கொடுக்கிறார்கள்? 1994-ல் வெளியான அவர்கள் சோதனையில் பேராசிரியரின் கண்ணையே கட்டிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு உறை. அதில் பத்து ஒரு டாலர் நோட்டுகளும் அதே அளவில் வெட்டிய பத்து வெற்றுத் தாள்களும். அறையின் பின்பக்கம் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. அதற்குள் உறையைத் திறந்து, நோட்டோ தாளோ, மொத்தம் பத்தை எடுத்துக்கொண்டு மீதிப் பத்தை உறையிலேயே விட்டுவிட வேண்டும். தடவிப் பார்த்தாலும் உறையின் கனம் ஒன்றுதான். போதாததற்கு, சில உறைகளில் ஆரம்பத்திலிருந்தே வெறும் தாள்தான் இருக்கும். அதனால் காலியாக வந்த உறையைப் பார்த்தும் யாரையும் குறை சொல்ல முடியாது. (இந்த ஏற்பாட்டைப் படித்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். ஒரு மனிதனை யாருமே பார்க்காமல் இருக்கச் செய்ய எவ்வளவு பாடு!)

விளைவு? அதே பத்து டாலரை வைத்துச் சாதாரணமாக நடத்திய முந்தைய சோதனையில் ஐந்தில் ஒருவர்தான் ஒன்றும் கொடுக்காமல் இருந்தார். இங்கே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை.

அடுத்த அடி வெளி உலகத்திலிருந்து விழுந்தது. மேலே சொன்ன ஜான் லிஸ்ட், படிக்கும் காலத்திலேயே விளையாட்டு வீரர் படம் போட்ட அட்டைகளை வாங்கி விற்றவர். அமெரிக்காவில் அது பெரிய சந்தை. ஒரு அட்டையின் உண்மையான தரம் வாங்குகிறவருக்குச் சட்டென்று தெரியாது, விற்கிறவருக்குத் தெரியும். அந்த வியாபாரிகளையே ஆய்வகப் பாணிச் சோதனையில் உட்கார வைத்தபோது, அதிக விலை கொடுத்தவருக்கு நல்ல அட்டையாகப் பார்த்துக் கொடுத்தார்கள். பிறகு அவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் கடைக்கே ஆட்களை அனுப்பினார் லிஸ்ட். 20 டாலர் கொடுப்பவருக்கும் 65 டாலர் கொடுப்பவருக்கும் என்ன கிடைக்கிறது என்று பார்த்தார். வெளியூரிலிருந்து வந்து கடை போட்டவர்களிடம் நியாயம் காணாமல் போயிருந்தது. அடுத்த வாரமும் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டிய உள்ளூர்க்காரர்களிடம் மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. 2006-ல் வெளியான இந்தக் கட்டுரை பெரிய அலையைக் கிளப்பியது. ஆய்வகத்தில் நாம் காண்கிற நல்ல மனிதன், கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்ட மனிதன்தானோ என்ற பயம் வந்துவிட்டது.

அதே 2006-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் மெலிஸா பேட்சனும் கூட்டாளிகளும் இன்னும் எளிமையாக ஒன்று செய்தார்கள். அவர்கள் துறையில் டீ, காபி குடித்துவிட்டு ஒரு பெட்டியில் காசு போட வேண்டும். கேட்க ஆள் கிடையாது. விலைப் பட்டியலுக்கு மேல் ஒரு வாரம் பூக்கள் படம், மறு வாரம் முறைத்துப் பார்க்கும் கண்கள் படம் என்று பத்து வாரம் மாற்றி மாற்றி ஒட்டினார்கள். செலவான பாலை வைத்து எவ்வளவு பானம் குடிக்கப்பட்டது என்று கணக்கிட்டார்கள். கண்கள் இருந்த வாரங்களில் ஏறக்குறைய மூன்று மடங்கு காசு விழுந்தது. வெறும் காகிதக் கண்!

உலகமே இதைப் பிடித்துக்கொண்டது. சைக்கிள் திருட்டைத் தடுக்கக்கூடக் கண்கள் ஒட்டினார்கள். ஆனால் மறுபடி மறுபடி செய்து பார்த்தபோது சில இடங்களில் வந்தது, பல இடங்களில் வரவில்லை. 2017-ல் இப்படிப்பட்ட சோதனைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள், காகிதக் கண் தாராள குணத்தைக் கூட்டுவதாகத் தெரியவில்லை என்று முடித்தார்கள். தப்புக் காரியங்களைக் கொஞ்சம் குறைக்கிறது என்று 2019-ல் வேறு சிலர் சொன்னார்கள். மொத்தத்தில், முதலில் நினைத்த அளவுக்குக் காகிதக் கண்ணுக்குச் சக்தி இல்லை.

சரி, இதுவரை படித்ததை வைத்துப் பார்த்தால் 'கண் இருந்தால் நேர்மை, கண் போனால் கதை முடிந்தது' என்றுதான் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். அடுத்து வந்த பகடைதான் அதை மாற்றியது.

சுவிட்சர்லாந்தில் உர்ஸ் ஃபிஷ்பாஹரும் ஃபிரான்சிஸ்கா ஃபோல்மி-ஹியூசியும் செய்தது இது, 2013-ல் வெளியானது. ஒரு மூடிய குவளைக்குள் பகடை. மேலே ஒரு ஓட்டை. குலுக்கிவிட்டு நீங்கள் மட்டும் ஓட்டை வழியே பார்க்கலாம். 1 என்றால் ஒரு ஃபிராங்க், 2 என்றால் இரண்டு, இப்படியே 5 வரை. 6 விழுந்தால் மட்டும் பட்டை நாமம். என்ன விழுந்தது என்று நீங்கள் சொல்வதுதான் கணக்கு. தனி ஆள் பொய் சொன்னாரா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் மொத்தக் கூட்டத்தையும் பார்த்தால் தெரிந்துவிடும், ஏனென்றால் ஒவ்வொரு எண்ணும் சுமார் 17 சதவீதம் விழ வேண்டும்.

பொருளாதார மனிதர்களாக இருந்தால் எல்லோரும் '5' என்றிருப்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் 35 சதவீதம். '6' என்று, அதாவது 'எனக்கு ஒன்றும் வேண்டாம்' என்று சொன்னவர்கள் 6.4 சதவீதம். நன்றாக யோசியுங்கள். ஒருத்தரும் பார்க்கவில்லை, மாட்டவே முடியாது, ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் காசு. அப்படியும் நூற்றில் ஆறு பேர் வெறும் கையோடு போனார்கள். ஏறக்குறைய 39 சதவீதம் பேர் முழு நேர்மையாக இருந்ததாக அவர்கள் கணக்கிட்டார்கள். முழுப் பொய் சொன்னவர்கள் சுமார் 20 சதவீதம்தான்.

அப்படியானால் மிச்சப் பேர்? அங்கேதான் விஷயம். '4' என்று சொன்னவர்கள் 27 சதவீதம். 17 வர வேண்டிய இடத்தில் 27! பொய் சொல்வது என்று ஆன பிறகு 5 என்றே சொல்லியிருக்கலாமே, எதற்கு 4? 5 என்றால் பொய்யன் மாதிரி தெரியும். 4 என்றால் நம்பும்படி இருக்கும், ஓரளவு காசும் கிடைக்கும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மாறுவேடத்தில் பொய்'. பேராசிரியருக்கே யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாதபடி மாற்றியும் பார்த்தார்கள். பெரிய வித்தியாசம் இல்லை! அட்டைப்பெட்டிக்குள் தாராள குணம் கரைந்துபோனது உண்மை. ஆனால் நேர்மை அந்த அளவுக்குக் கரையவில்லை.

2018-ல் யூரி நீஸி, அக்னே கயாக்கைட்டே, ஜோயல் சோபெல் மூவரும் இன்னொரு கோணத்தில் திருப்பினார்கள். ஒரு குழுவுக்கு 1 முதல் 10 வரை எண் எழுதி மடித்த சீட்டு. எந்தச் சீட்டு வந்தது என்று யாருக்கும் தெரியாது. இன்னொரு குழு கணினியில் பெட்டியைச் சொடுக்க வேண்டும். உண்மையில் எந்த எண் வந்தது என்று ஆய்வாளர் பிறகு பார்த்துக்கொள்ள முடியும். சொல்கிற எண்ணுக்குத்தான் காசு. பார்க்க முடிகிற இடத்தில் 'மாறுவேடப் பொய்' குறைந்தது. வேடம் போட்டுப் பயனில்லையே! பொய் சொல்வதென்றால் முழுசாகச் சொல்லு, இல்லாவிட்டால் உண்மையைச் சொல்லு என்று ஆனது. யாரும் பார்க்காத இடத்தில்தான் பாதிப் பொய்கள் முளைக்கின்றன.

முன்னதாக 2014-ல் யோஹானஸ் ஆபெலர் குழு ஜெர்மனியில் வீடு வீடாகப் போன் போட்டது. "ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். பூ விழுந்தால் 15 யூரோ, தலை விழுந்தால் ஒன்றுமில்லை. என்ன விழுந்தது?" அவரவர் வீடு, அவரவர் நாணயம், கேட்பது போனில் ஒரு குரல். பொய் சொன்னதற்கான தடயமே கிடைக்கவில்லை. காசு கிடைக்கிற பக்கம் பாதிக்கும் கொஞ்சம் கீழேதான் வந்தது! அதே ஆபெலர், டேனியல் நோஸென்சோ, காலின் ரேமண்ட் மூவரும் 2019-ல் இதுவரை நடந்த 90 ஆய்வுகளை, 47 நாடுகளின் 44,000 பேருக்கு மேல், ஒன்றாகச் சேர்த்தார்கள். பொய் சொல்லிச் சம்பாதித்திருக்கக்கூடிய பணத்தில் சராசரியாக நான்கில் மூன்று பங்கை மக்கள் மேசையிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்கள் சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது: மனிதனுக்கு இரண்டு ஆசை. நேர்மையானவனாகத் தெரிய வேண்டும் என்பது ஒன்று. நேர்மையாகவே இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இந்த எண்களை விளக்க முடியாது.

நம் நாட்டிலும் பகடை உருண்டது. ரீமா ஹன்னாவும் ஷிங்-யீ வாங்கும் பெங்களூரில் கல்லூரி மாணவர்களைத் தனியே 42 முறை பகடை உருட்டச் சொல்லிக் கணக்குக் கேட்டார்கள். நம்ப முடியாத அளவுக்கு 'அதிர்ஷ்டசாலிகள்' நிறைய! கூடவே, அதிகம் ஏமாற்றியவர்கள்தான் அரசாங்க வேலையை அதிகம் விரும்பினார்கள் என்றும் 2017-ல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. படித்தபோது சிரிப்பு வரவில்லை. இடத்துக்கு இடம் எண்கள் மாறும். மாணவர்களாகிய நாம் கொஞ்சம் அடக்கமாகவே இருப்பது நல்லது.

இப்போது முதலில் சொன்ன அந்தத் திருப்பம்.

2012-ல் ஒரு புகழ்பெற்ற அமெரிக்க அறிவியல் இதழில் ஐந்து ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விண்ணப்பத்தின் கடைசியில் 'உண்மையே சொல்கிறேன்' என்று கையெழுத்துப் போடுவதற்குப் பதில் முதலிலேயே போட வைத்தால் மக்கள் நேர்மையாகப் பூர்த்தி செய்வார்கள் என்பது அதன் முடிவு. ஆதாரமாக ஒரு கார் காப்பீட்டு நிறுவனத்தின் 13,488 வாடிக்கையாளர்களின் தகவல். மேலே கையெழுத்திட்டவர்கள் தங்கள் கார் சுமார் 2,400 மைல் கூடுதலாக ஓடியதாக ஒப்புக்கொண்டார்களாம். அதிகம் ஓடினால் பிரீமியம் அதிகம், அதனால் அதுதான் நேர்மை. செலவே இல்லாத வைத்தியம் என்று அரசாங்கங்கள்வரை பேசினார்கள்.

2020-ல் அதே ஐவரும் வேறு இருவரும் சேர்ந்து மறுபடி செய்து பார்த்து, அந்த விளைவு வரவில்லை என்று அவர்களே நேர்மையாக எழுதினார்கள். அப்போது 2012-ன் மூலத் தகவல் கோப்பையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். வெளியே இருந்த சில ஆய்வாளர்கள் அதைத் திறந்து பார்த்தார்கள். நிஜத்தில் சிலர் காரைக் கொஞ்சமாக ஓட்டுவார்கள், பெரும்பாலோர் நடுத்தரமாக, வெகு சிலர் மிக அதிகமாக. இந்தக் கோப்பிலோ பூஜ்யம் முதல் 50,000 மைல் வரை எல்லா அளவும் ஒரே சீராக, 50,000-க்கு மேல் ஒருவர்கூட இல்லை. பகடை உருட்டின மாதிரி! பாதி எண்கள் ஒரு எழுத்துருவிலும் மீதிப் பாதி வேறு எழுத்துருவிலும் வேறு இருந்தன. தகவல் புனையப்பட்டது என்று 2021 ஆகஸ்டில் வெளியே சொன்னார்கள். அடுத்த மாதமே இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. ஆசிரியர்கள் யாரும் தாங்கள் செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை.

நேர்மையைப் பற்றிய ஆய்விலேயே பொய்! எட்டு வருடம் அந்தக் கோப்பை வெளியாள் யாரும் பார்க்கவில்லை. பார்க்கத் திறந்துவிட்ட ஒரே வருடத்தில் குட்டு உடைந்தது. எத்தனையோ மாணவர்களைக் குவளைக்குள் எட்டிப் பார்க்கச் சொன்ன துறை, கடைசியில் தானே குவளைக்குள் விழுந்து கிடந்தது. இன்று பல இதழ்கள் மூலத் தகவலைக் கேட்டு வாங்கி வெளியிடுகின்றன, சோதனைக்கு முன்பே திட்டத்தைப் பதிவு செய்யச் சொல்கின்றன. வணிகவியல் மாணவன் மொழியில் சொன்னால், ஆய்வாளர்களுக்கும் ஆடிட் வந்துவிட்டது.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். கேமரா இல்லாவிட்டால் எல்லோரும் திருடர்கள் என்பது பொய். குவளைக்குள் ஒற்றைக் கண்ணோடு எட்டிப் பார்த்து '6' என்று சொல்லிவிட்டு வெறும் கையோடு போனவர்கள் அதற்குச் சாட்சி. வியாபாரம், வங்கி, கடன், வாய்வார்த்தை ஒப்பந்தம் எல்லாம் ஓடுவது அந்த நான்கில் மூன்று பங்கில்தான். ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு ஆடிட்டரை உட்கார வைக்க முடியுமா?

ஆடம் ஸ்மித் என்றால் நமக்கு 1776-ல் வந்த 'நாடுகளின் செல்வம்' மட்டும்தான் தெரியும். அதற்கு 17 வருடம் முன்பே, 1759-ல், அறநெறி உணர்வுகள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நம் நெஞ்சுக்குள் ஒரு நடுநிலையான பார்வையாளர் உட்கார்ந்து நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கிறார் என்பது அதில் முக்கியமான கருத்து. பேராசிரியரின் கண்ணை எடுத்துவிடலாம், பக்கத்து ஆளின் கண்ணை எடுத்துவிடலாம், அட்டைப்பெட்டி வைத்து மறைக்கலாம். அந்தப் பார்வையாளரை வெளியே அனுப்ப எந்தச் சோதனையிலும் வழி கிடைக்கவில்லை. தமிழில் இதற்கு விளக்கமே வேண்டாம், சொல்லிலேயே இருக்கிறது: மனசாட்சி. மனதுக்குள் ஒரு சாட்சி.

ஆனால் அந்தச் சாட்சி கொஞ்சம் இளகிய மனசுக்காரர். 5-ஐக் கண்டால் முறைப்பார், 4-ஐக் கண்டால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார். 'காப்பி' அடிக்க விடமாட்டார், 'சரிபார்க்க' விடுவார். வெளியே இருந்து ஒரு கண் தேவைப்படுவது பெரிய திருடர்களைப் பிடிக்க மட்டும் இல்லை. நம்மைப் போன்ற நல்லவர்களின் இந்த 4-களைப் பிடிக்கவும்தான். ஆடிட் என்றால் சந்தேகப்படுவது என்றே இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். இப்போது, என் மனசாட்சி கண்ணயர்கிற இடத்தில் அது எனக்குச் செய்கிற உதவி என்று தோன்றுகிறது.

அந்த இன்டர்னல் தேர்வின் மார்க்? நன்றாகவே வந்தது. நான் பார்க்காமல் விட்ட இரண்டாவது கணக்கு தப்பு. டேலி ஆன முதல் கணக்குக்கு முழு மார்க், பக்கத்தில் சிவப்பு மையில் 'குட்' என்று வேறு எழுதியிருந்தார் சார். தாள் இன்னும் மேசை டிராயரில்தான் இருக்கிறது. அந்தக் 'குட்'டைப் பார்க்கும்போதெல்லாம் குவளைக்குள் ஒரு பகடை உருளும் சத்தம் கேட்கிறது.

நீங்களாக இருந்தால், அந்த ஓட்டை வழியே 6 தெரிந்திருந்தால், என்ன சொல்லியிருப்பீர்கள்? எனக்குச் சொல்ல வேண்டாம். உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.